சோதனை முகம்

தேவசகாயத்தின் முகத்தை யாரும் அழகென்று சொன்னதில்லை, அவர் மனைவி ரெஜினாள் உட்பட. இரண்டு கன்னத்திலும் சின்ன வயதில் வந்த அம்மையின் குழிகள். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய காயம். மூக்கோரத்தில் ஒரு மரு. நெற்றியில் எண்ணெய் வழியும், கன்னம் வறண்டு கிடக்கும், தாடி பாதி நரைத்திருக்கும். ஆனால் தரமணியில் இருந்த அந்த கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் அதைவிட மதிப்பான முகம் வேறு கிடையாது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுப் படம் வரைய யார் புது புரோகிராம் எழுதினாலும், அதை முதலில் ஒரு பழகிய பொருளின் மேல் ஓட்டிப் பார்ப்பார்கள். சில ஊர்களில் ஒரு டீ கெட்டில் வைத்திருப்பார்கள், சில ஊர்களில் ஒரு களிமண் பொம்மை. தரமணிக்காரர்கள் சகாயத்தை வைத்திருந்தார்கள். வெளிச்சம் ஒரு தோலின்மேல் என்னென்ன வித்தை காட்டுமோ அத்தனையும் அந்த ஒரே முகத்தில் இருந்தது. அந்த முகத்தைச் சரியாக வரைந்துவிட்டால் எந்த முகத்தையும் வரைந்துவிடலாம் என்று நம்பினார்கள்.

அவர் அங்கே லேப் அசிஸ்டெண்ட். விளக்கு மாட்டுவது, கேமராவைத் துடைப்பது, ஏசி ஒழுகினால் வாளி வைப்பது அவர் வேலை. ஒரு பொங்கல் லீவு நாளில், எல்லாப் பக்கமும் விளக்கும் கேமராவும் பொருத்திய ஒரு பெரிய இரும்புக் கூண்டுக்குள் அவரை உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். பதிலுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து புரோகிராமில் யார் எந்த மாற்றம் செய்தாலும் சகாயத்தின் முகம் ஒழுங்காக வந்தால்தான் அது வெளியே போகும். காலையில் டீ குடிக்கும்போது முதல் கேள்வியே "சகாயம் வந்தாரா?" என்பதுதான். சில நாள் அவர் பச்சையாக வருவார். சில நாள் காது உருகி வழியும். அதை அவரிடமே காட்டுவார்கள். "இன்னைக்கும் கொன்னுட்டியளா?" என்று கேட்டுவிட்டு வாளியை எடுக்கப் போய்விடுவார்.

பிறகு ஆட்குறைப்பு வந்தது. சகாயம் வெளியே போய், கல்யாண மண்டபங்களில் எல்இடி திரை மாட்டும் தொழிலில் இறங்கினார். ஆள் போனார், முகம் அங்கேயே தங்கிவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கூண்டுக்குள் அவரை உட்கார வைத்தவள் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, ஒரு குளிர்பான விளம்பரத்துக்காக பாட்டில் மேல் வியர்க்கும் நீர்த்துளி. அடுத்து ஒரு பக்திப் படத்துக்குப் பாம்பு. அதற்கடுத்து யானை. யானையின் காதுக்குப் பின்னால் வெயில் அடித்தால் ஓரம் சிவந்து தெரியும். அது ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தவள் அதிலேயே தங்கிவிட்டாள். வெளிச்சம் தோலுக்குள் நுழைந்து, ரத்தத்தில் கொஞ்சம் சுற்றித் திரிந்துவிட்டு, சிவப்பாக வெளியே வருகிறது. அதைக் கணக்காக்கி எழுத அவளுக்குப் பாதி ஆயுள் போயிற்று. கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லை என்று ஊரில் சொல்லிவிட்டாள், அது முழுப் பொய்யும் அல்ல. நாற்பத்தெட்டு வயதில் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவி. எவருடைய கன்னத்தைப் பார்த்தாலும் தூக்கம் கெட்டிருக்கிறதா, வெயிலில் அலைந்தவரா, உடம்பு சரியில்லையா என்று சொல்லிவிடுவாள். சிலருக்கு அது பிடிக்காது.

சினிமா வேலை குறைந்தபோது கம்பெனி அவளுடைய புரோகிராமுக்கு ஒரு புது வாடிக்கையாளரைக் கண்டுபிடித்தது. போலீஸ். இருட்டில் எடுத்த சிசிடிவி படம் வெறும் புள்ளிக்கூட்டமாக இருக்கும். அந்தப் புள்ளிகளுக்குள்ளிருந்து முகத்தை எடுத்துத் தருவதற்கு 'தெளிவு' என்று பெயர் வைத்து விற்றார்கள். மாநிலம் முழுக்க ஸ்டேஷன்களில் அது ஓடியது. பத்திரிகைகள் புகழ்ந்தன. வல்லிக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் ரெஜினாள் போன் செய்தாள். அழுகையில் பாதி புரியவில்லை. புறநகரில் ஒரு குடோன் வாட்ச்மேனைக் கம்பியால் அடித்துக் கொன்றிருக்கிறார்கள், அதற்கு சகாயத்தைப் பிடித்துப் போய்விட்டார்கள். படம் இருக்கிறதாம். டிவியில் காட்டுகிறார்களாம், பார்த்த யாரோ ஆளை அடையாளம் சொல்லிவிட்டார்களாம்.

வல்லி படத்தைப் பார்த்தாள். கையில் கம்பியோடு திரும்பிப் பார்க்கிறார் சகாயம். புருவத்து வெட்டு, மரு, கன்னத்துக் குழிகள், எதிலும் குறையில்லை. பிறகு, பழக்க தோஷம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்தாள். இடது பக்கம், மேலிருந்து. குடோன் வாசலில் இடது பக்கம் விளக்கே இல்லை. கண்ணைப் பெரிதாக்கினாள். கருவிழியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக நின்றன.

அவை கூண்டின் விளக்குகள். அந்தப் பொங்கல் லீவு நாளில் அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த விளக்குகள்.

*

சகாயத்துக்கு வாதாட வந்தவர் ஜபருல்லா என்ற வழக்கறிஞர். மெலிந்த ஆள், எதையும் இரண்டு தடவை கேட்பார். அவருடைய ஆபீசில் உட்கார்ந்து வல்லி விளக்கினாள்.

"சார், சினிமாவுக்கு ஒரு படத்தை முழுசாக் கணக்குப் போட்டா ரொம்ப நேரம் ஆகும். அதனால பாதி கணக்கோட நிறுத்திடுவோம். படம் புள்ளி புள்ளியா இருக்கும். மிச்சத்தை புரோகிராம் ஊகம் பண்ணி நிரப்பும். அந்த ஊகத்தைத்தான் போலீசுக்கு வித்தாங்க."

"ஊகம்னு போலீசுக்குத் தெரியுமா?"

"தெளிவுன்னுதான் தெரியும்."

ஜபருல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊகம் ஏன் சகாயத்தின் முகமாக வர வேண்டும் என்று கேட்டார். வருஷா வருஷம் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தால் பையன் பாடம் படிக்க மாட்டான், விடையை மனப்பாடம் செய்துகொள்வான் என்றாள் வல்லி. இந்த புரோகிராமுக்குப் பதினெட்டு வருஷமாக ஒரே கேள்வித்தாள். ஓரளவு வெளிச்சம் இருந்தால் எதிரே இருக்கிற முகத்தைப் பார்த்து எழுதும். ஒன்றுமே தெரியாத இருட்டு என்றால் தெரிந்த விடையை எழுதிவிடும். இதுவரை கேட்டவர்கள் பெரும்பாலும் கொஞ்சமாவது வெளிச்சம் இருக்கும் படத்தைக் கொடுத்தார்கள், அதனால் தெரியவில்லை. இந்த வாட்ச்மேன் செத்தது கும்மிருட்டில்.

"வேற எங்கயாவது இதே மாதிரி வந்திருக்கா?"

அதைத்தான் அவள் காலையில் தேடியிருந்தாள். ஆள் அடையாளம் கிடைக்காமல் நின்றுபோன வழக்குகளின் படங்கள் சரிபார்ப்புக்காக கம்பெனிக்கு வரும். யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். வேலூரில் பைக்கை உருட்டிக்கொண்டு போகிறார் சகாயம். திண்டுக்கல்லில் ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்குகிறார். ராமநாதபுரத்தில் தாடி இல்லாமல் கொஞ்சம் இளைத்திருக்கிறார். ஒரு படத்தில் சேலை கட்டி, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, வெட்டுப்பட்ட புருவத்தோடு கேமராவை நேராகப் பார்க்கிறார். அந்தப் படத்தோடு அவள் கம்ப்யூட்டரை மூடிவிட்டாள். மேலே பார்க்கத் தைரியம் வரவில்லை.

இதையெல்லாம் கேட்ட ஜபருல்லா சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, இதை வெளியில காட்டிடாதீங்க. நீங்க இத்தனை படத்தைக் கொண்டுபோய் வச்சா, ஜட்ஜ் புரோகிராம் தப்புன்னு சொல்ல மாட்டார். அந்தக் கேசையெல்லாம் சேர்த்து இவர் தலையில கட்டிடுவாங்க."

கண்ணில் தெரியும் விளக்குகளைக் காட்டலாமே என்றாள். தெருவிளக்கு என்பார்கள் என்றார் அவர். கம்பெனியில் பழைய சோதனைப் படங்களை எடுத்துவந்து காட்டலாமே என்றாள். ஸ்டேஷனில் ஓடுகிற, சான்றிதழ் பெற்ற புரோகிராமைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது என்று கோர்ட் ஏற்கெனவே சொல்லிவிட்டது என்றார்.

மறுநாள் வல்லி ஜெயிலுக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் நின்ற சகாயம் இளைத்திருந்தார். கன்னத்து மேட்டில் ரத்தமே இல்லை, சரியாகச் சாப்பிடவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. அவள் பேச ஆரம்பிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"என்னத்துக்கும்மா அழுவுத? ரெஜினா அழுதது பத்தாதா?"

"அண்ணே, அது நீங்க இல்லண்ணே. எனக்குத் தெரியும்."

அவர் வலையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"எனக்குத் தெரியல, கேட்டியா. மொதல்ல நான் இல்லன்னுதான் சொன்னேன். அந்தப் படத்த டெய்லி காட்டுனாவ. இப்ப பாத்தா, அந்த வாசல் எனக்குத் தெரியுது. கம்பி கையில குளுந்து இருந்தது வரைக்கும் தெரியுது. அன்னைக்கு மண்டபத்துல வேலய முடிச்சிட்டு எந்த வழியா வந்தேன்னு கேட்டா சொல்லத் தெரியல. ஒருவேள நான்தான் போனேனோம்மா?"

வல்லிக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. தோலையும் ரத்தத்தையும் கண்ணீர்ப் பளபளப்பையும் இத்தனை வருஷம் உட்கார்ந்து ஒழுங்காக எழுதிய தன்மேல்தான். கொஞ்சம் மோசமாக எழுதியிருந்தால் இந்த மனுஷன் தன்னைத் தானே நம்பியிருப்பார்.

*

கம்பெனியின் தலைவர் கிரிதர் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கெட்டிக்காரர், கோபப்பட மாட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக வருகிற புரோகிராமை ஒரு இருட்டுப் படத்துக்காக நிறுத்த முடியாது என்றார். தவறு இருந்தால் சத்தமில்லாமல் சரிசெய்யச் சொன்னார். சகாயத்தின் முகத்தை எடுத்துவிட்டு, யாருடையதும் அல்லாத ஒரு கலவை முகத்தை வைத்துவிடலாமே?

"அப்ப இருட்டுல அந்தக் கலவை முகம் வரும். அந்தச் சாயல்ல ஊருக்கு நாலு பேர் இருப்பான். அவனைப் பிடிப்பாங்க," என்றாள் வல்லி.

"வல்லி, ஏதாவது ஒரு முகம் வரணும். ஒண்ணும் தெரியலைன்னு சொல்ற சாஃப்ட்வேரை யார் வாங்குவா?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் நடைமுறை. அந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவளுக்கு, படிக்கட்டில் இறங்கும்போது வழி தெரிந்தது. ஏதாவது ஒரு முகம் வர வேண்டும். சரி, வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் இல்லாதபோது தூசு படிந்த கூண்டைத் துடைத்தாள். நின்றுபோன விளக்குகளை மாற்றினாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். விளக்குகள் தானாக ஒவ்வொன்றாய் எரிந்து அணைந்தன. ஒவ்வொரு தடவையும் கண்ணைச் சிமிட்டாமல் இருக்க வேண்டும். சகாயம் அன்று எப்படி அசையாமல் இருந்தார் என்று நினைத்துக்கொண்டாள். தன்னுடைய முகம் எங்கே போகப்போகிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

சகாயத்தின் முகத்தை எடுத்துவிட்டுத் தன் முகத்தை வைத்து, புரோகிராமை முதலிலிருந்து பழக்கினாள். சோதனையில் பாஸ் ஆகும் எதையும் வெளியிடும் அதிகாரம் பிரிவுத் தலைவிக்கு உண்டு. வெளியிட்டால் சான்றிதழ் தானாக ஒட்டிக்கொள்ளும், எல்லா ஸ்டேஷனுக்கும் தானாகப் போய்ச் சேரும். கோர்ட்டுக்கு மட்டும் தனியாக அனுப்ப வழியில்லை. ஒரு வாரம்தானே என்று நினைத்தாள். கோர்ட்டில் காட்டியவுடன் எடுத்துவிட்டு, இருட்டென்றால் இருட்டு என்று சொல்லும் ஒழுங்கான புரோகிராமை எழுதிவிடலாம். கிரிதரிடம் திருத்தம் தயார் என்று மட்டும் சொன்னாள். அவர் கை குலுக்கினார்.

ஜபருல்லா கேட்டுக்கொண்டபடி செஷன்ஸ் கோர்ட்டில் அந்த சிசிடிவி படத்தை மறுபடி ஓட்டிப் பார்க்க ஜட்ஜ் ஒப்புக்கொண்டார். ஸ்டேஷனிலிருந்து வந்த கம்ப்யூட்டர், ஸ்டேஷன் ஆள்தான் இயக்கினார். அரசு வக்கீலுக்கு எந்தக் கவலையும் இல்லை. குற்றவாளிக் கூண்டில் நின்ற சகாயம் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கறுப்பில் புள்ளிகள் கொதித்தன. மெல்ல அடங்கின. லுங்கி கட்டிய தடித்த உடம்பு தெரிந்தது, கையில் கம்பி தெரிந்தது, கழுத்து தெரிந்தது. அதன்மேல், கண்ணாடி அழுத்திய தடம் மூக்கில் அப்படியே இருக்க, செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஜட்ஜ் திரையையும் சாட்சிக் கூண்டில் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதானா?"

"முகம் என்னோடது ஐயா. ஆள் நான் இல்ல. போன வாரம் வரைக்கும் இருட்டுல அவர் முகத்தை வச்சிருந்தோம். இந்த வாரம் என் முகத்தை வச்சிருக்கேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

சகாயம் அப்போதுதான் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் திரும்பி வருவதை வல்லி நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். அன்றைய தினம் அவள் வாழ்க்கையில் நல்ல தினம். அதை மறுப்பதற்கில்லை.

தீர்ப்பில் சகாயம் விடுதலை. வாட்ச்மேனைக் கொன்றவன் யாரென்று யாரும் கேட்கவில்லை. புரோகிராமைப் பயன்படுத்தக் கூடாது என்று ஜட்ஜ் சொல்லியிருக்கலாம். தன் முன்னால் இருக்கிற வழக்கு அது அல்ல என்று விட்டுவிட்டார். அரசு அப்பீலுக்குப் போவதாகச் சொன்னது. அப்படியானால் கோர்ட் பார்த்த அந்த புரோகிராம் முக்கியமான சாட்சியம், அப்பீல் முடியும்வரை அதில் ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது என்று ஜட்ஜ் உத்தரவு போட்டார். நியாயமான உத்தரவு. கேட்டுக்கொண்டிருந்த வல்லியே தலையாட்டினாள்.

வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

*

கிரிதர் இப்போதும் கோபப்படவில்லை. கம்பெனி வக்கீல்களிடம் கேட்டாராம். ஸ்டேஷன்களில் ஓடுவதும் கோர்ட் பார்த்ததும் ஒன்றேதான், அதைத் தொட்டால் சாட்சியத்தைக் கலைத்த குற்றம் என்கிறார்களாம். அப்பீல் எப்போது வரும் என்று அவள் கேட்டாள். மெதுவாகத்தான் வரும் என்றார்.

"அதுவரைக்கும் இருட்டுல என் முகம் வந்துக்கிட்டிருக்கும்."

"நீங்க வச்ச முகம், வல்லி. இப்ப கோர்ட்டே வச்சிருக்கச் சொல்லுது."

வெளியிடும் அதிகாரம் அவளிடமிருந்து போயிற்று. வேலை போகவில்லை, சம்பளம் வந்தது. யாரும் அவள் மேசைக்கு டீ குடிக்க வருவதில்லை.

அவள் முகம் விழுந்த படத்தோடு வீட்டுக்குத் தேடி முதலில் வந்தவர் ஒரு வயதான ஏட்டு. சங்கிலி பறிப்பு வழக்கு. படத்தையும் அவளையும் பார்த்துவிட்டு அவரே சிரித்தார். வல்லி தீர்ப்பின் நகலைக் காட்டினாள், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்து வந்தவர்கள் சிரிக்கவில்லை, நகலைப் படித்துவிட்டுப் போனார்கள். அதற்கடுத்து வந்தவர் படிக்கவும் இல்லை. இந்தக் கோர்ட்டு தீர்ப்பு அந்தக் கேசுக்கு மட்டும்தானேம்மா என்றார். அவர் சொன்னது சரிதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைக் கண்டால் லிஃப்டில் ஏறாமல் நின்றார்கள்.

சகாயம் ரெஜினாளோடு ஒரு நாள் வந்தார். பலாப்பழம் கொண்டுவந்திருந்தார். எதைப் பேசினாலும் கடைசியில் ஒன்றையே சொன்னார், எங்கே போனாலும் யாரையாவது கூடவே கூட்டிக்கொண்டு போ என்றார். தனியாக இருக்கும்போது நாம் என்ன செய்தோம் என்று நமக்கே சொல்ல ஆள் வேண்டும், அது இல்லாமல்தான் தான் கெட்டுப்போனதாகச் சொன்னார். வல்லி சிரித்துக்கொண்டு கேட்டாள். கூட்டிக்கொண்டு போவதற்கு அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

வெயில் ஏறிய ஒரு முற்பகலில் செம்மலைப்பாளையத்திலிருந்து ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்தாள். பெயர் தமயந்தி. முப்பது வயதிருக்கும், மரியாதையாகப் பேசினாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். இன்னொரு போலீஸ்காரர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு குழந்தை காணாமல் போயிருந்தது. அம்மா டிக்கெட் விசாரிக்கப் போன நேரத்தில் யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெண் குழந்தை, நாலு வயது. இன்னும் கிடைக்கவில்லை. தமயந்தி படத்தை மேசைமேல் வைத்தாள்.

கழிப்பறைக்குப் பின்னால் விளக்கில்லாத சந்து. சந்தின் வாயில் கடையொன்றின் வெளிச்சம் கொஞ்சம் விழுகிறது, அதில் குழந்தை நிற்கிறது. அதன் கையைப் பிடித்தபடி இருட்டுப் பக்கமிருந்து குனிகிறாள் வல்லி. முகத்தில் பாசம் இருந்தது. அது கூண்டுக்குள் விளக்குகள் கூசாமல் இருக்கக் கண்ணை இடுக்கியதால் வந்த சுருக்கம் என்று அவளுக்குத் தெரியும். தமயந்திக்கு எப்படித் தெரியும்?

"கண்ணுல பாருங்க. வரிசையா விளக்கு தெரியுதா? அது எங்க லேப்ல உள்ள கூண்டு விளக்கு."

தமயந்தி போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "பஸ் ஸ்டாண்டு லைட்டுங்க மேடம்," என்றாள். பிறகு அந்த நாளைச் சொல்லி, அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள்.

வல்லி யோசித்தாள். விடுமுறை எடுத்த நாள். வீட்டில்தான் இருந்திருப்பாள். என்ன சமைத்தாள்? யாரிடமாவது பேசினாளா? எதுவும் வரவில்லை. கோவில்பட்டிக்குப் போக வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருந்தது. போனாளா, இல்லையா? பஸ் ஸ்டாண்ட் ஒன்று நினைவுக்கு வந்தது. எல்லா பஸ் ஸ்டாண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். தன் முகத்தை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள். நல்ல வட்ட முகம். எண்ணெய் வைத்து வாரிய தலை, ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்திருந்தது. காது மடல் சிவந்திருந்தது, யானைக் காதைப்போல, ஆனால் பின்னால் வெயில் இல்லை. கன்னமும் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு அழுததால் வருவது அல்ல. அவளுக்கு மனம் இளகிவிட்டது. அந்த நேரத்தில் தனக்கு எதிரே உட்கார்ந்திருப்பவள் யார் என்பதே மறந்துபோயிற்று.

"பாவம், பிள்ளைக்கு நல்ல காய்ச்சல். கை எப்படிக் கொதிச்சிருக்கும்," என்றாள்.

தமயந்தியின் விரல் போன் மேல் அப்படியே நின்றது. அவள் வாசலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தாள். அவர் உள்ளே வந்தார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னு அம்மா எங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காங்க," என்றாள் தமயந்தி, சத்தத்தை உயர்த்தாமல். "பேப்பர்ல கொடுக்கல. டிவிக்கும் சொல்லல. உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

கன்னத்தின் சிவப்பை வைத்துச் சொன்னேன் என்று வல்லி சொல்ல வேண்டும். தோலுக்குள் வெளிச்சம் எப்படிப் போய்வருகிறது என்று விளக்க வேண்டும். பாதி ஆயுளை அதற்குத்தானே கொடுத்தாள்? குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனவன் யாரோ, அவன் முகம் இன்னும் அந்தச் சந்தின் இருட்டில்தான் இருக்கிறது, என்னை விட்டுவிட்டு அவனைத் தேடுங்கள், நேரமாகிறது என்று கத்த வேண்டும். வாயைத் திறந்தாள்.

ஆனால் அவள் உள்ளங்கை சுட்டது. ஒரு சின்னக் கையின் சூடு, சற்று முன்புதான் விட்டதுபோல, அங்கே இருந்தது. படத்தைப் பார்த்து வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"தெரியலம்மா. அண்ணனுக்குக் கம்பி குளுந்து இருந்துச்சாம்," என்றாள் வல்லி. தமயந்திக்கு அது புரியவில்லை. எழுந்திரிங்க மேடம் என்று மெதுவாகக் கையைப் பிடித்தாள்.